மஸ்கட் அண்ணாச்சி

அசாம்
18 ஜூலை 2025

உமாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. ஒரு வாரமாக உன் அம்மாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் எடுக்கிறார்கள், நீ பேச வரமாட்டேன் என்கிறாயாம். பயிற்சி முகாமில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதியது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் கடிதம் என்று உட்கார்கிறேன்.

மாடக்கண்ணு உன் போனை உடைத்தது தப்புதான். "வாங்கி வையி" என்றுதான் தம்பியிடம் சொன்னேன். உடைக்கச் சொல்லவில்லை. அவன் போலீஸ்காரன், வாய்க்கு முன்னால் கை போய்விடும். ஆனால் அவனுக்கு அவ்வளவு கோபம் வர வைத்தது யார்?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் கேன்டீன் வாசலில் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். மதுரைப் பையன் ஒருத்தன் என்னைக் கூப்பிட்டு, "துரைண்ணே, இது உங்க ஊர் அருவிதானே? இந்தப் பொண்ணு பேசுறது செமையா இருக்குண்ணே" என்றான். எட்டிப் பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய். "மெயினருவில தண்ணி நல்லா விழுது, கூட்டம் அதவிட நல்லா விழுது, வாரவங்க பாத்து வாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாய். நீ என் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியாது. கீழே எவனோ எழுதியிருந்ததை அவன் சத்தமாக வாசித்தான். அதை என் கையால் எழுத மாட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உமா. சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

போன தீபாவளி லீவில் அந்தப் பேஜை நீ காட்டினாய். லாட்ஜ் வேலைக்கு உதவியாக ஏதோ செய்கிறாய் என்று விட்டுவிட்டேன். லட்சம் ஆம்பிளைகள் முன்னால் தினம் வந்து நிற்பாய் என்று நினைக்கவில்லை.

பேஜை எடுத்துவிடு. இலஞ்சிக்குத் திரும்பி வா. தம்பி டியூட்டிக்குப் போய்விட்டால் அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

இசக்கிதுரை

பாவூர்சத்திரம்
29 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது சந்தையில் அம்மாவோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் அங்கேயே கொண்டுவந்து தந்தார். "பட்டாளத்துலருந்து காயிதமா? இப்பல்லாம் யாரு எழுதுதா" என்றார். கூட இருந்த பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சாக்கு மறைவில் போய் வாசித்தேன்.

போனுக்கு வராததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. போனில் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அழுவேன், லைன் போய்விடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நம் சண்டை எல்லாம் இப்படிப் பாதியிலேயே நிற்கிறது. காகிதம் என்றால் சொல்ல வந்ததை முடிக்கலாம்.

கொழுந்தனார் என்ன செய்தார் என்று உங்களிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. லாட்ஜில் சீசன் கூட்டம். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஈரத் தலையோடு சாவிக்கு நிற்கிறது. யூனிபார்மோடு உள்ளே வந்தார்.

"மதினி, போனக் குடுங்க."

"எதுக்கு?"

"அண்ணன் சொல்லுதான். குடுங்கன்னா குடுங்க."

"ஆளுக நிக்காங்கல்லா. சாயங்காலம் வீட்டுல வச்சுப் பேசுவோம்."

"வீட்டுல வச்சுப் பேசுவாளாம். ஊரே உன்னத்தான்டி பேசுது!"

மேசைக்கு மேலே எட்டிப் போனைப் பிடுங்கினார். தரையில் போட்டு பூட்ஸ் காலால் மிதித்தார். அந்த ஈரோட்டுக்காரர் அதைத் தன் போனில் படமெடுத்தார், அத்தான். அதையும் எத்தனை பேர் பார்த்தார்களோ. மறுநாள் மேனேஜர், "கொஞ்ச நாளு வராண்டாம்மா" என்றார். சீசன் நடுவில் வேலை போய்விட்டது.

உங்களுக்கு அந்தப் பேஜ் என்னவென்றே தெரியாது. "தண்ணி விழுதா?" இதுதான் அதன் பேர். விடிந்தால் லாட்ஜ் போனில் எல்லாரும் கேட்கிற கேள்வி அதுதான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால்தான், வருகிற வழியில் ஒரு நிமிஷம் படம் எடுத்துப் போட ஆரம்பித்தேன். குளிக்கிறவர்களை ஒருநாளும் எடுத்ததில்லை. அருவி, ரோடு, மேகம், என் குடை. அவ்வளவுதான்.

அதை யார் யாரோ எதற்கெல்லாமோ வைத்துக்கொண்டார்கள். குவைத்தில் ஒரு நர்ஸ், டியூட்டி முடிந்து வந்து அருவிச் சத்தத்தைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாளாம். பினாங்கில் ஒரு பெரியவர், "நீ பேசாதம்மா, சாரல மட்டும் காட்டு" என்பார். அவருடைய அம்மா மேலகரத்தில் பிறந்தவராம். பிரேசிலில் ஒரு பொண்ணு, நம் பாஷை ஒரு எழுத்துத் தெரியாது, தினமும் ஒரு பச்சை இலைப் படத்தை அனுப்புவாள். இந்த ஊர் டெம்போக்காரர்கள் செங்கோட்டை ரோட்டில் நெரிசலா என்று கேட்பார்கள். அசிங்கமாக எழுதுகிறவர்களும் உண்டுதான். காலையில் டீ குடிக்கும்போது அதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். கக்கூஸ் கழுவுகிற மாதிரி அது ஒரு வேலை.

அதை எழுதினவனைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. வாசித்தவனைப் பற்றியும் இல்லை. சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்ததாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

"நீ தப்பு செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் இலஞ்சிக்கு வருகிறேன்.

உமா

அசாம்
9 ஆகஸ்ட் 2025

உமாவுக்கு,

அழகாக எழுதியிருக்கிறாய். பேஜில் பேசிப் பேசி வந்த பழக்கம் போல.

நர்ஸைப் பற்றி எழுதினாய். பெரியவரைப் பற்றி எழுதினாய். இலை அனுப்புகிறவளைப் பற்றிக்கூட எழுதினாய். மஸ்கட்காரனை மட்டும் ஏன் விட்டாய்?

எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? முத்துகுமரன் என்று ஒருத்தன். அண்ணாச்சி அண்ணாச்சி என்று அவனோடு மாதக்கணக்கில் பேசியிருக்கிறாய். என்னோடு போனில் பேசினால் "சாப்ட்டீங்களா, அத்த நல்லாருக்காங்க, வச்சிரட்டா" என்று மூன்று வார்த்தை. அவனுக்கு மட்டும் பக்கம் பக்கமாக.

சரி, பேச்சோடு போனால்கூடப் பொறுத்திருப்பேன். மார்கழியில் உன் வயிற்றில் தங்காமல் போனதை அவனிடம் சொல்லியிருக்கிறாயே. தென்காசி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கோயில் கோபுரத்தைப் பார்த்தாயாம். பெண்ணாக இருந்தால் அருவிக்கரை அம்மன் பேராகக் குழல்வாய்மொழி என்று வைத்திருப்பேன் என்று நினைத்தாயாம். இதெல்லாம் மஸ்கட்டில் இருக்கிற எவனுக்கோ தெரிகிறது. தாலி கட்டின எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளை போனதை நான் இப்படியா தெரிந்துகொள்ள வேண்டும்?

நீ தப்பு செய்யவில்லை என்று எழுதச் சொல்கிறாய். இதற்குப் பேர் என்ன என்று நீயே சொல். பிறகு நான் எழுதுகிறேன்.

இசக்கிதுரை

பாவூர்சத்திரம்
20 ஆகஸ்ட் 2025

அத்தானுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். இது நாலாவது.

குழந்தை போனது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட வந்தார். நாள் தள்ளியதும் டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொண்டு உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் போய்விட்டது. "இனிமே எதுக்குட்டி அவன்ட்ட சொல்லுத? துப்பாக்கியும் கையுமா நிக்குதவன் மனசக் கலக்காத" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அதனால் ஆஸ்பத்திரி விஷயத்தை அத்தை உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கோபுரத்தைப் பார்த்தது அத்தைக்குத் தெரியாது. அந்தப் பேர் யாருக்குமே தெரியாது. பெற்ற அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். லாட்ஜில் என்னோடு வேலை பார்த்த ஜன்னத் உங்களுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய அண்ணன் யாசர் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிறார். என் பழைய நம்பருக்கே புது சிம் வாங்கித் தந்தார். கடைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜன்னத்தின் போனில் என் பேஜைத் திறந்தேன். அந்த ஆள்தான் உங்களுக்கு எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பிவிட்டான் என்று முதலில் நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேதான் வாசித்தேன்.

ஜனவரியில் வந்தவர் அவர். "தங்கச்சி, கீழ கண்டத எழுதுதவனுவளுக்குப் பதில் சொல்லாத, நான் பாத்துக்கிடுதேன்" என்பதுதான் முதல் வரி. பிப்ரவரியில் நீங்கள் ரோந்துக்குப் போய் போன் இல்லாமல் இருந்தீர்களே, அந்த நாட்களில் அவரும் இல்லை. நீங்கள் முகாமுக்குத் திரும்பிய அன்றைக்கு அவரும் வந்துவிட்டார். உங்களைப் போலவே அவருக்கும் உப்புமா ஆகாது. நீங்கள் போனில் மெசேஜ் அனுப்பும்போது செய்வது போலவே கேள்விக்குறி போடும் இடத்தில் ரெண்டு புள்ளி வைக்கிறார்.

மார்ச்சில் குழந்தை விஷயத்தைச் சொன்னபோது அவர் எழுதியதை இங்கே எழுதுகிறேன், உங்களுக்கு நினைவு இருக்கும். "அழு தங்கச்சி. அழுது முடி. பேரு வச்சிட்டேல்லா, அப்புறம் எப்படி அது இல்லாமப் போவும்.. நானும் அந்தப் பேரச் சொல்லிக்கிடுதேன்." அன்றைக்குத்தான் நான் அழுதேன். மூன்று மாதமாக அடைத்துக்கிடந்தது அன்றைக்குத்தான் இறங்கியது.

ஏப்ரலில் அதே ஆள் கேட்டார்: "வீட்டுக்காரர் அவ்வளவு தூரத்துல இருக்காரே, உனக்கு வேற ஆசையே வராதா.." நான் என்ன எழுதினேன்? "அண்ணாச்சி, இன்னொரு மட்டம் இப்படிக் கேட்டீங்கன்னா பிளாக் பண்ணிருவேன். எங்க அத்தான் தங்கம்." அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

அந்த ஆள் நீங்களா? ஆமாம், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

உமா

அசாம்
2 செப்டம்பர் 2025

உமா,

ஆமாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். இனி என்னையும் கொஞ்சம் பேச விடு.

கேன்டீன் வாசலில் நடந்தது ஜூனில். ஆனால் உன் பேஜை நான் அதற்கு முன்பே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டாளத்தில் எங்களுக்குச் சொந்தப் பேரில் பேஜ், ஐடி எல்லாம் கூடாது. கீழே எழுதுகிறவனுகளைத் திட்டுவதற்காகத்தான் ஒரு ஐடி திறந்தேன். முத்துகுமரன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், சும்மா அவன் பேரைப் போட்டேன். மஸ்கட் என்று போட்டால் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். ரெண்டு நாளில் மூடிவிடலாம் என்று நினைத்தேன். நீ, "ரொம்ப நன்றி அண்ணாச்சி, எனக்காகப் பேச ஒருத்தராவது இருக்கீங்க" என்று எழுதினாய்.

அதை வாசித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. அவனிடம் நீ சிரிக்கிறாய், எனக்கு அது எழுத்திலேயே கேட்கிறது. லாட்ஜுக்கு வந்த கிழவர் எண்ணெய் மசாஜ்காரரிடம் சண்டை போட்டதை அவனுக்கு எழுதினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதே ராத்திரி உனக்குப் போன் பண்ணி, "இன்னைக்கு என்ன விசேசம்?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, எப்பவும் போலத்தான்" என்கிறாய். என் பொண்டாட்டி என்னை விட்டு இன்னொருத்தனிடம் நன்றாக இருக்கிறாள். அந்த இன்னொருத்தனும் நான்தான். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

குழந்தை விஷயத்தை நீ எழுதியபோது கழிவறையில் நின்றுதான் வாசித்தேன். உன்னை அழச் சொல்லி எழுதும்போது நானும் அழுதேன், உமா. அது நடிப்பு இல்லை. மறுநாள் உனக்குப் போன் பண்ணினேன். "ஏட்டி, எங்கிட்ட சொல்லவேண்டியது ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். நினைவிருக்கிறதா? "ஒண்ணும் இல்லத்தான்" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு என்னால் உன் மேல் நம்பிக்கை வைக்க முடியவில்லை. ஏப்ரலில் அப்படிக் கேட்டதும் அதனால்தான். நீ கொடுத்த பதிலில் எனக்குப் பெருமைதான். ஆனால் வேறு யாரிடமோ சொல்கிறோம் என்று நினைத்துத்தானே அதைச் சொன்னாய்?

நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் என் இடத்தில் நின்று பார். இங்கே மழையில் தனியாக நிற்கிறவனுக்கு ஆயிரம் நினைப்பு வரும்.

அக்டோபரில் லீவு கிடைக்கிறது. இலஞ்சிக்கு வந்துவிடு. மாடக்கண்ணுவை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன். நல்ல போனாக வாங்கித் தருகிறேன். அந்தப் பேஜ் மட்டும் வேண்டாம். இனிமேல் எதுவாக இருந்தாலும் என்னிடமே சொல். நானும் நேராகக் கேட்கிறேன்.

துரை

பாவூர்சத்திரம்
16 செப்டம்பர் 2025

இசக்கிதுரை அவர்களுக்கு,

"ஒண்ணும் இல்லத்தான்" என்று சொன்னது நினைவிருக்கிறது. அப்போது உங்கள் அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு. உங்களுக்கு அது தெரிய வழியில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. "எனக்குத் தெரியும் உமா" என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அத்தையை விலக்கிவிட்டு வாசலுக்கு வந்து ஊர் கேட்க அழுதிருப்பேன். நீங்கள் தெரிந்தும் தெரியாதவராக இருந்து, நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பரீட்சை வைத்தீர்கள்.

நீங்கள் ரெண்டு ஆளாக நின்று கேட்டீர்கள். நான் ஒருத்தியாகத்தான் பதில் சொன்னேன்.

போன வாரம் உங்கள் அம்மா சந்தைக்கே வந்தார். வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி என்று கூப்பிட்டதையும் சொன்னேன். ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார். பிறகு, "எம் புள்ளதானட்டி அது? வேத்து ஆம்பிளையா? அவன்ட்டதான பேசியிருக்க. இதுல என்ன இருக்கு?" என்றார். அவர் மனதார அப்படித்தான் நினைக்கிறார். உங்கள் கடிதத்திலும் அதுதான் இருக்கிறது. வேற்று ஆளாக இருந்திருந்தால் நான் கெட்டவள். நீங்களாக இருப்பதால் ஒன்றும் இல்லை. யாரிடம் என்ன நம்பி எழுதினேன் என்பது ரெண்டு பேருக்குமே ஒரு பொருட்டில்லை. கிளம்பும்போது என் தலையைத் தடவி, "வந்திரு தாயி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அண்ணாச்சி நல்லவராக இருந்தார். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்டார், சிரித்தார், அழச் சொன்னார், குழந்தையின் பேரைச் சொன்னார். இத்தனையும் உங்களுக்குள்தான் இருந்திருக்கிறது. எனக்குத் தருவதற்கு மட்டும் உங்களுக்கு வேறு ஒரு பேர் வேண்டியிருந்தது. உங்கள் சொந்தப் பேரில் எனக்கு வந்தது உங்கள் தம்பியின் பூட்ஸ் கால்தான். யாசர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன் என்று ஜன்னத் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். உங்களை நினைத்து அழுததாக அவள் நினைக்கிறாள். அண்ணாச்சி செத்துப்போனாரே என்றுதான் அழுதேன்.

ஐந்தருவிப் பக்கம் இன்னொரு லாட்ஜில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய போன் ஒன்று வாங்கி, பேஜில் மறுபடி படம் போடுகிறேன். சீசன் முடிகிற நேரம், கூட்டம் இல்லை. ஆனாலும் போடுகிறேன். அக்டோபரில் வந்து உங்கள் அம்மாவைப் பாருங்கள். பாவூர்சத்திரத்துக்கு வராதீர்கள். உங்கள் ஆட்கள் யாரையும் பேச அனுப்பாதீர்கள். மற்றதை வக்கீல் மூலமாகப் பேசிக்கொள்ளலாம்.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் லாட்ஜில் ஆள் நடமாட்டம் இல்லை. மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் மெசேஜ் வந்த மணி அடித்தது. முத்துகுமரன். "தங்கச்சி, சாப்ட்டியா.. இங்கன வெயிலு கொல்லுது."

எல்லாம் தெரிந்த பிறகும், எனக்கு எல்லாம் தெரியும் என்று உங்களுக்கும் தெரிந்த பிறகும், அசாம் மழையில் நின்றுகொண்டு மஸ்கட் வெயிலைப் பற்றி எழுதுகிறீர்கள். இலஞ்சிக்கு வா என்று அதிகாரமாகக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு, சாப்பிட்டாயா என்று கேட்க அந்தப் பேர்தான் வேண்டியிருக்கிறது.

எச்சில் கையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவருக்குப் பதில் எழுத வேண்டும் போலத்தான் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினேன். "சாப்ட்டேன் அண்ணாச்சி." அனுப்பினேன். நீங்கள் பார்த்துவிட்ட அடையாளம் உடனே வந்தது. பிறகு நீங்கள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதுவதாகக் காட்டியது. நீளமாக ஏதோ எழுதினீர்கள் போல.

முடிக்கும்வரை நான் இருக்கவில்லை. பிளாக் பண்ணிவிட்டேன்.

உமாராணி